கரட்டு வெள்ளி

எலிக்காய்ச்சலை முதல் நாளே கண்டுபிடிக்க வழியில்லையா என்று கரவெட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2024 டிசம்பரில் யாழ் குடாநாட்டில் அது உயிர்களைப் பறித்தபோது, மாதிரிகளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்ததை அவரால் மறக்க முடியவில்லை. என்னாலும்தான்.

அதற்கு ஒரு வழியை இராமன் விளைவு காட்டுகிறது. சிதறும் ஒளியில் நிறம் மாறி வரும் பங்கு அந்தந்த மூலக்கூறின் கைரேகை. ஆனால் அந்தப் பங்கு கோடியில் ஒன்று என்ற அளவுதான். இரத்தத் துளியில் கிடக்கும் சொற்பக் கிருமிப் புரதத்தை அதை மட்டும் வைத்துக் காண இயலாது.

1974இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிளீஷ்மன், ஹென்ட்ரா, மக்குயிலன் மூவரும் ஒரு வெள்ளி மின்வாயைக் கரடாக்கிப் பிரிடீன் மூலக்கூறுகளை ஒட்டவிட்டார்கள். பரப்புக் கூடினால் கூடுதல் மூலக்கூறுகள் ஒட்டும் என்பது அவர்கள் கணக்கு. சமிக்ஞை நன்றாகவே வந்தது. ஆனால் 1977இல் அமெரிக்காவில் வான் டைனும் இங்கிலாந்தில் கிரைட்டனும் தனித்தனியே கணக்குப் பார்த்தபோது, பரப்பு மட்டும் அதற்குக் காணாது என்று தெரிந்தது. ஒவ்வொரு மூலக்கூறுமே ஏறத்தாழ இலட்சம் மடங்கு பலமாக ஒளியைச் சிதறடித்திருந்தது!

கஸ்தூரியார் வீதியில் பத்தர் வெள்ளிக் கொலுசை மினுக்கி மினுக்கி வழவழப்பாக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே அந்த வழவழப்பு உதவாது; கரடுதான் வேலை செய்கிறது. ஒளி பட்டதும் வெள்ளித் துகளின் இலத்திரன்கள் கூட்டமாக ஊசலாடுகின்றன. இரு துகள்களுக்கிடையே ஓரிரு நனோமீற்றர் இடுக்கு இருந்தால் மின்புலம் அங்கே குவிகிறது. உள்ளே வரும் ஒளியும் பலக்கிறது, சிதறிப் போகும் ஒளியும் பலக்கிறது. அதனால் புலம் பத்து மடங்கானால் சமிக்ஞை பத்தாயிரம் மடங்காகும். 1997இல் இப்படித் தனி ஒரு சாய மூலக்கூறையே கண்டுவிட்டார்கள்.

இரத்தம் அவ்வளவு சுலபமில்லை. அதிலுள்ள மற்றப் புரதங்கள் முந்திக்கொண்டு உலோகத்தை மூடிவிடும். ஆகவே வெள்ளியைப் போலவே வேலை செய்யும் பொன் துகளில் பிறபொருளெதிரியைப் பூசி, வேண்டிய புரதத்தை மட்டும் பிடிக்க வைக்கிறார்கள். வார்ட்டில் அன்றாடம் பயன்படும் கட்டத்துக்கு இது இன்னும் வரவில்லை.

வரவழைக்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகள். 1928இல் கல்கத்தாவில் சூரிய ஒளியையும் வடிகட்டிகளையும் வைத்துக்கொண்டு இராமனும் கிருஷ்ணனும் கண்டதை நாம் பரீட்சை விடையாக்கி வைத்திருக்கிறோம். அந்த வெள்ளித் துகள்களைச் செய்வதோ கடினமில்லை. கொதிக்கும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் சோடியம் சித்திரேற்றைத் துளித்துளியாக விட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால், பச்சை கலந்த மஞ்சளாய்க் கலங்கி வரும். அந்தக் கலங்கலே நனோ வெள்ளி. பாடசாலை ஆய்வுகூடத்திலேயே ஆசிரியர் இதைச் செய்துகாட்டலாம்.