அரிசி எவ்வளவு? சோறு எவ்வளவு?

சென்ற திருவிழா அன்னதானத்துக்கு வந்திருந்த அன்பர்கள் நடந்ததை மறந்திருக்க மாட்டார்கள். கையைச் சுருக்கிப் பரிமாறியும் கடைசிப் பந்தியில் முப்பது பேருக்குச் சோறு இல்லை. பாயசமும் பழமும் கொடுத்து அனுப்பினோம். தவறு சமைத்தவர்களுடையதன்று. எட்டு வீட்டாருக்கும் "பத்துக் கப் ரைஸ் கொண்டுவரவும்" என்று ஆங்கிலத்தில் அறிவித்தல் எழுதியவன் அடியேனே.

நான் நினைத்தது பத்துக் கப் அரிசியைச் சமைத்து வருவார்கள் என்று. இரண்டு வீட்டார் அப்படியே செய்தார்கள். மற்ற ஆறு வீட்டாரும் பத்துக் கப் சோறு கொண்டுவந்தார்கள். 240 கப் எதிர்பார்த்த இடத்தில் 120 கப்தான் வந்தது. தமிழில் வயலில் நிற்பது நெல், மூடையில் இருப்பது அரிசி, இலையில் விழுவது சோறு. இம்மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கினால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

இனிக் கணக்கைப் பார்ப்போம். அவுஸ்திரேலியாவில் ஓர் அளவுக் கப் 250 மில்லிலீற்றர். அதில் பச்சையரிசி ஏறக்குறைய 200 கிராம் பிடிக்கும். அதே கப்பில் அழுத்தாமல் போட்ட நீண்ட அரிசிச் சோறு 165 கிராம் அளவே நிற்கும். நீரை உறிஞ்சிய பின்னும் கப் ஏன் இலேசாக இருக்கிறது என்று கேட்கலாம். அரிசி வெந்ததும் எடை இரண்டரை மடங்காகிறது. கொள்ளளவோ மூன்று மடங்காகிறது. பருக்கை பருத்து, இடையில் காற்றும் புகுந்துவிடுகிறது.

ஆகவே ஒரு கப் அரிசி மூன்று கப் சோறு. ஒரு கிலோ அரிசி இரண்டரைக் கிலோ சோறு. குழைந்த சோறும் அகப்பையால் அழுத்திய சோறும் கப்புக்குக் கூடுதல் எடை காட்டும். அமெரிக்கச் சமையல் புத்தகத்தின் கப் சுமார் 237 மில்லிலீற்றர். மின்சார அரிசிக் குக்கருடன் வரும் கப்போ 180 மில்லிலீற்றர்தான். அதில் 150 கிராம் அரிசிதான் பிடிக்கும். எந்தக் கப் என்று கேட்காமல் அளக்கக்கூடாது.

நூறு பேருக்கு அன்னதானம் என்றால், ஆளுக்கு 100 கிராம் அரிசி வீதம் 10 கிலோ. அது 25 கிலோ சோறாகும்; ஏறக்குறைய 150 கப். இடமாகப் பார்த்தால் 38 லீற்றர். கொதித்துப் பொங்கவும் கிளறவும் இடம் வேண்டும். ஆகையால் 40 லீற்றர்க் கிடாரம் ஒன்று போதாது, இரண்டாகப் பிரித்து ஏற்றுவதே நல்லது. சமைத்த சோற்றை 60 பாகைக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும். மிஞ்சியதை விரைவில் ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். வெளியில் மணிக்கணக்கில் கிடந்த சோற்றில் உண்டாகும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

நீரிழிவு உள்ள அன்பர்களுக்கு இது இன்னும் முக்கியம். 100 கிராம் சோற்றில் மாச்சத்து சுமார் 28 கிராம். 100 கிராம் அரிசியில் சுமார் 80 கிராம். வைத்தியர் "ஒரு கப்" என்றால் அது சோறா அரிசியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சோறானால் 46 கிராம், அரிசியானால் 160 கிராம்.

அரிசிக்கு அரிசி கணக்குச் சற்று மாறும். வீட்டில் வழக்கமாகச் சமைக்கும் அரிசியை ஒரு முறை நிறுத்துப் போட்டு, வெந்த பின் சோற்றையும் நிறுத்துப் பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் அரிசி வாளியின் மூடியில் எழுதி வையுங்கள்.

அடுத்த திருவிழாவுக்கான அறிவித்தல் தமிழில் வரும்: "வீட்டுக்கு 2 கிலோ அரிசி. சமைத்துக் கொண்டுவரவும்." பந்தியில் அமர்ந்தவர் எவரும் இனி வெறும் இலையோடு எழும்பக்கூடாது.