திரையில் எதற்கு எவ்வளவு இடம்?

தேஹு ரோடு கன்டோன்மென்ட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கிருந்து சாக்கன் ஆலைகளுக்கு உதிரிபாகங்கள் செய்து அனுப்பும் வாடிக்கையாளர் ஒருவர், தமது கேஷ் கிரெடிட் வரம்பை உயர்த்தக் கோரி வந்தார். மடிக்கணினியில் எக்செல் டாஷ்போர்டு ஒன்றைப் பெருமையுடன் காட்டினார். திரையின் முக்கால் பங்கை விற்பனை வரைபடம் நிறைத்திருந்தது. வலது மூலையில் தபால்தலை அளவில் ஒரு பெட்டி.

"அது என்ன?" என்றேன்.

"வர வேண்டிய பாக்கி, சார்."

பெரிதாக்கிப் பார்த்தோம். பாக்கியில் பாதிக்கு மேல் 90 நாட்களைக் கடந்திருந்தது!

இது அழகுப் பிரச்சினை அன்று. பொதுவாக, 90 நாட்களுக்கு மேற்பட்ட பாக்கியை வங்கிகள் பற்று வரம்பைக் கணக்கிடும்போது சேர்ப்பதில்லை. விற்பனை ஏறினாலும் எடுக்கக்கூடிய தொகை இறங்கும். கணக்கின் இருப்பு தொடர்ந்து 90 நாட்களுக்கு மேல் வரம்பை மீறி நின்றால் அது வாராக்கடன் ஆகிவிடும். சிறுதொழில் நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அந்த உரிமையைக் கேட்பதற்கும் பாக்கி முதலில் கண்ணில் பட வேண்டுமே.

எக்செல்லில் அளவை மாற்றுவது எளிது. வரைபடத்தைச் சொடுக்கி அதன் மூலையைப் பிடித்து இழுக்கலாம். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டால் நீள அகல விகிதம் குலையாது; ஆல்ட் விசையை அழுத்தினால் விளிம்பு கட்டக்கோட்டில் பொருந்தி நிற்கும். கன்ட்ரோல் விசையுடன் பல வரைபடங்களைத் தேர்ந்து, ஃபார்மட் பகுதியில் ஒரே உயரத்தைத் தந்தால் அனைத்தும் சமமாகும். நெடுவரிசையை விரித்ததும் வரைபடமும் இழுபட்டுக் கோணுவது பலர் கூறும் குறை. வலச்சொடுக்கி 'ஃபார்மட் சார்ட் ஏரியா'வைத் திறந்து, கட்டங்களோடு நகரவோ அளவு மாறவோ வேண்டாம் என்னும் தெரிவைக் குறித்தால் அது தீரும்.

பவர் பிஐ பயன்படுத்துவோருக்குப் பக்கத்தின் இயல்பளவு 1280க்கு 720 பிக்சல். அதற்குள் ஒவ்வொரு பெட்டிக்கும் உயரம், அகலம் எண்ணாகவே தரலாம். கைப்பேசிக்கான அமைப்பு தனி. அதனை மறவாமல் தனியே ஒழுங்கு செய்தல் வேண்டும்.

முப்பரிமாண வட்ட வரைபடம் இடத்தை விழுங்குவதன்றி வேறென்ன செய்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வாடிக்கையாளர் விற்பனை வரைபடத்தைப் பாதியாகச் சுருக்கினார். பாக்கியை 45 நாட்களுக்குள், 90 நாட்களுக்குள், அதற்கு மேல் என மூன்றாகப் பிரித்து இடப்புறம் மேலே வைத்தார். மறுநாள் காலை ஆலைகளுக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினார். வரம்பு உயர்வு விண்ணப்பத்தைச் சில வாரம் பொறுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.