உப்பளக் கரையும் சமுதாயக் கல்லூரியும்

மரக்காணத்தில் பொழுது புலருமுன்பே உப்பள வேலை தொடங்கிவிடும். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, அது உப்பு விளையும் பருவமாகவும் அமைந்தது. வீடு திரும்பிய பிள்ளைகளின் முன்னே புத்தகமும் கூலியும் எதிரெதிராக நின்றன.

பாடம் கைபேசிக்கு மாறிற்று. கல்லூரி மாணவருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு இலவசமென அரசு அறிவித்தது 2021 ஜனவரியில்தான். ஆயினும், ஒரே கைபேசியுள்ள வீட்டில் அண்ணன் படிப்பதா, தங்கை படிப்பதா?

சமுதாயக் கல்லூரிகளுக்கு இடர் இன்னும் பெரிது. நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-ல் நம் அண்டையிலுள்ள புதுவையில், அங்குள்ள பல்கலைக்கழகத்தால் நிறுவப்பெற்றது. பட்டப்படிப்புக்கு வசதியற்றோர்க்குத் தொழிற்கல்வி அளித்துப் பிழைப்புக்கு வழிகாட்டுவதே இம்முறையின் நோக்கம். செய்முறைப் பயிற்சியே அதன் உயிர். தையலைத் திரையில் காணலாம், கை பழகுமோ?

சிறுவர் இழந்த பாடத்தை ஈடுசெய்ய, 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபர் 27-ல் மரக்காணத்தையடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்றது. தன்னார்வலர் மாலைதோறும் கற்பித்தனர். ஆனால் அத்திட்டம் எட்டாம் வகுப்புக்கு உட்பட்டது. அதற்குமேல் படிப்பை விட்டவரைத் தேடிச் செல்வது நம் கடமையன்றோ?

அங்கத்தினர்களே! பிள்ளையை ஒரு படிப்பில் சேர்க்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். செய்முறைப் பயிற்சி எத்தனை மணி நேரம்? சான்றிதழுக்கு அங்கீகாரம் உண்டா? அதைக் கொண்டு மேற்படிப்புக்குச் செல்லலாமா? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தபின் கட்டணம் செலுத்துங்கள். ஒருமுறை பாத்தியில் இறங்கிய பிள்ளை வகுப்புக்குத் திரும்புவது எளிதன்று. திரும்புவோருக்குத் துணை நிற்பதே கூட்டுறவு.