நரிப்பயறை அடையாளம் காண்பது எப்படி?

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை இறங்கிவிட்டால், விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தரிசுகளில் காட்டுப் பயற்றங்கொடிகள் தரையோடு தரையாகப் படர ஆரம்பித்துவிடும். பட்டாசு ஆலைகளுக்குள் அவற்றைத் தேட வேண்டாம். தீப் பயத்தால் அறைகளைச் சுற்றிப் புல்பூண்டு இல்லாமல் செதுக்கிவிடுவார்கள். நம்மை உள்ளே விடவும் மாட்டார்கள். வேலிக்கு வெளியே வண்டிப்பாதை ஓரம், ஓடைக்கரை மேடு, உழாமல் கிடக்கும் புஞ்சை, இங்கெல்லாம் பார்க்கலாம்.

பெயர் கேட்டால் பொதுவாகக் ‘காட்டுப்பயறு’ என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு பெயருக்குள் பல செடிகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் முக்கியமானது நரிப்பயறு. தாவரவியலில் விக்னா ட்ரைலோபேட்டா. தழை உரத்துக்கும் தீவனத்துக்கும் இதை விதைப்பவர்களும் உண்டு.

ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். ஒவ்வொன்றும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நடு மடல் அடியில் ஒடுங்கி, நுனியில் அகன்றிருக்கும். நீளமான காம்பின் உச்சியில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். காய் மெலிந்து உருண்டு, அதிகம் போனால் 5 சென்டிமீட்டர். ராஜஸ்தானில் பயிராகும் மோத் பயறும் இதன் நெருங்கிய உறவுதான். ஆனால் அதன் இலை குறுகலான கீற்றுகளாக ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும்.

இலையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஆடு கடித்துத் துளிர்த்த கொடியில் மடல்கள் சரியாகத் தெரியாமல் போகலாம். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு சிறு செதில்கள் இருக்கும். நடுவில் ஆணியடித்த பலகை போல, ஒவ்வொரு செதிலும் இடையில் தண்டோடு ஒட்டி, ஒரு முனை மேலேயும் ஒரு முனை கீழேயும் நீட்டிக்கொண்டிருக்கும். பச்சைப்பயறு, உளுந்துச் செடிகளிலும் இதே அமைப்புதான். மூன்றும் ஒரே குடும்பக் கிளை என்பதற்கு இது நல்ல சாட்சி. அதே தரிசில் மஞ்சள் பூ பூக்கும் இன்னொரு கொடி, ரிங்கோசியா மினிமா. அதன் இலையைத் திருப்பி லென்ஸில் பார்த்தால் நுண்ணிய சுரப்பிப் புள்ளிகள் தெரியும். தட்டையான காயில் பெரும்பாலும் இரண்டே விதை. சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

உண்மையான குழப்பம் மின்னிப்பயறோடுதான். விக்னா ஸ்டிபுலேசியா என்ற இதன் இலையடிச் செதில் நரிப்பயறின் செதிலைவிடப் பெரியது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பதிவு செய்தவர்களில் தாவரவியலாளர்களும் அடக்கம். 2010இல் ஜப்பானின் நொரிஹிகோ டொமூக்காவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் சேர்ந்து தமிழ்நாட்டில் பயறுகளையும் அவற்றின் காட்டு உறவுகளையும் சேகரித்தார்கள். பிறகு 2019இல் யூ தகாஹாஷி, டொமூக்கா உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, மின்னிப்பயறு பல பூச்சிகளையும் நோய்களையும் தாங்குகிறது என்றது. விதைகளில் சடுதிமாற்றத்தைத் தூண்டி, காய் எளிதில் வெடிக்காத செடிகளையும், விதை உறங்காமல் முளைக்கும் செடிகளையும் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

காய் வெடிப்பதும் விதை உறங்குவதும் உழவருக்குத் தொல்லை, ஆனால் அந்த இரண்டு குணமும்தான் காட்டுப்பயறுகளுக்குப் பிழைப்பு. காய்ந்த காயின் இரு பாதிகளும் வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையை எறிகின்றன. விதைத்தோல் கடினமானது, முதல் மழைக்குச் சில முளைக்கும், மற்றவை மண்ணிலேயே காத்துக்கிடக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மானாவாரிச் சீமையில் எல்லா விதையும் ஒரே மழையில் முளைத்தால், அடுத்த மழை பொய்க்கும்போது வம்சமே காய்ந்துவிடும்.

விதை வேண்டுமென்றால் காலையில், பனி ஈரம் உலர்வதற்குள் காயைப் பறித்துத் துணிப்பையில் போடுங்கள். திறந்த தட்டில் காயவைத்தால் பாதி விதை தட்டுக்கு வெளியே கிடக்கும். விதைக்கும் முன் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு முழுக்க ஊறவையுங்கள். பையின் மேல் ஊர், தேதி, செவலா கரிசலா என்ற விவரத்தோடு, செதிலின் நீளத்தையும் அளந்து எழுதிவையுங்கள். காய்ந்த கொடியில் அது உதிர்ந்துபோகக்கூடும்.