ஆண்ட்ரோமெடாவைச் சுற்றியிருக்கும் வாயு

வீரசோழன் ஊர்ப் பக்கம் இன்னும் நல்ல இருட்டு உண்டு. தை மாதம், நிலா இல்லாத நாளில், இரவு ஏழரை மணிவாக்கில் வடமேற்கே பார்த்தால் மங்கலான வெண்திட்டு ஒன்று தெரியும். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் அது. நம் கண்ணில் படுவது அதன் நடுப்பகுதிதான். சுற்றியுள்ள வாயு 13 லட்சம் ஒளியாண்டுக்குப் பரவிக் கிடக்கிறது. அது கண்ணுக்குத் தெரிந்தால், சப்தரிஷி மண்டலத்தைப்போல் மூன்று மடங்கு அகலத்துக்கு வானத்தை அடைத்திருக்கும்.

புது விண்மீன்கள் பிறக்க இந்த வாயுதான் மூலப்பொருள். வெளியிலிருந்து வந்து சேர்வது நின்றால், கையிருப்பு தீர்ந்து பிறப்பும் நின்றுவிடும். ஆனால் மிக மெலிந்த வாயு. தானாக ஒளிர்வது சொற்பம். பிறகு எப்படிப் பார்ப்பது? மண்ரோட்டில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மங்கினால் நடுவில் புழுதி பறக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம் அல்லவா, அதே வழிதான். பின்னால் வெகு தொலைவில் இருக்கும், குவாசர் எனும் பிரகாசமான வான்பொருளின் ஒளி வாயுவைக் கடக்கும்போது, ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளத்தை விழுங்கிவிடும். ஹைட்ரஜன் விழுங்குவதில் முக்கியமானது 121.6 நானோமீட்டர். அது புறஊதா ஒளி. காற்றுமண்டலம் தரைக்கு விடாது. அதனால்தான் விண்வெளிக்குப் போகவேண்டியிருக்கிறது. 43 குவாசர்களின் ஒளியை ஹப்பிள் தொலைநோக்கியால் அலசி, 2020இல் ஆண்ட்ரோமெடாவின் வாயுவை அளந்து சொன்னார்கள்.

நம்மிடமும் புறஊதாக் கண் இருக்கிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில், 38 சென்டிமீட்டர் ஆடி கொண்ட இரட்டைத் தொலைநோக்கி உள்ளது. காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் அதை முன்னின்று செய்தது. ஆடியில் எண்ணெய்ப் பசை இம்மியளவு படிந்தாலும் புறஊதா ஒளி அதிலேயே மாட்டிக்கொள்ளும். அதற்காக அந்த நிறுவனத்தின் ஹொசகோட்டே வளாகத்தில் தூசியே அண்டாத அறையில் வைத்துப் பாகங்களைப் பொருத்தினார்கள். விண்ணுக்குப் போன பிறகும், செயற்கைக்கோளிலிருந்து கசியும் ஆவி வெளியேறட்டும் என்று இரண்டு மாதம் மூடியைத் திறக்கவில்லை. அந்தப் பொறுமைதான் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.

இந்தக் கருவி படமெடுத்தவற்றில் ஜேஓ 201 என்பது ஒரு ஜெல்லிமீன் மண்டலம். விநாடிக்கு 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஒரு விண்மீன் மண்டலக் கொத்துக்குள் விழுகிறது. அங்குள்ள சூடான வாயு மோதி, இதன் வாயுவை உரித்து வாலாக இழுக்கிறது. அந்த வாலிலும் விண்மீன்கள் பிறப்பதை, இளம் விண்மீன்களின் புறஊதா ஒளி காட்டிக்கொடுத்தது. 2018இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

ஆஸ்ட்ரோசாட்டின் தரவுகளை இஸ்ரோ பொதுவில் வைத்திருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவர்களை உட்காரவைத்து ஒரு மண்டலத்தின் படத்தையாவது இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.