மெட்ரோபோல் சர்க்கிளில் இறங்கினால் காருக்கு வேலையில்லை

மைசூரில் நாலு காசு செலவழித்து வசதியாகத் தங்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது லலித மஹால். வைஸ்ராய் வந்தால் தங்குவதற்கென்று நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1921-இல் கட்டத் தொடங்கிய வெள்ளை மாளிகை, 1974-இல் ஹோட்டலானது. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊரை விட்டு ஒதுங்கி, சாமுண்டி மலைப் பக்கம் நிற்கிறது. ஒரு முழம் மல்லிகை வாங்கக்கூட ஆட்டோ பிடிக்க வேண்டும்.

என் ஓட்டு தேவராஜ மொஹல்லா பக்கத்துக்குத்தான். ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே வந்துவிடலாம். வெள்ளைக்கார விருந்தாளிகளுக்காக அதே மகாராஜா காலத்தில், 1920-இல் கட்டிய மெட்ரோபோல் இங்கேதான் இருக்கிறது. உயர்ந்த கூரை, அகலமான வராந்தா, நடுவே முற்றம். அந்த நாற்சந்திக்கே மெட்ரோபோல் சர்க்கிள் என்றுதான் பெயர். இப்போது ராயல் ஆர்க்கிட் நிறுவனம் நடத்துகிறது. அறைகள் குறைவு, பெரிய ஹோட்டல்தான் வேண்டும் என்பவர்களுக்கு வினோபா சாலையில் சதர்ன் ஸ்டார் இருக்கிறது.

கால் மணி நேரம் நடந்தால் ஜகன்மோகன் அரண்மனை. 1861-இல் கட்டியது. 1897-இல் பழைய அரண்மனை தீக்கிரையானபோது அரச குடும்பம் இங்கேதான் குடிவந்தது. ஹென்றி இர்வின் வரைந்த இன்றைய அரண்மனை எழுந்து முடிய 1912 ஆயிற்று. இடையில் 1902-இல், கர்சன் பிரபு முன்னிலையில் கிருஷ்ணராஜருக்கு ஆட்சிப் பொறுப்பு கிடைத்ததும் இதே கட்டடத்தில். இங்குள்ள ரவிவர்மா ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்கள் அது நடந்த மண்டபத்தையும் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்க்கலாம்.

அங்கிருந்து தேவராஜ மார்க்கெட் எட்டிவிடும் தூரம். நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம், மைசூர் மல்லிகை, வெற்றிலை, கூம்பு கூம்பாகக் குவித்த குங்குமம். சயாஜி ராவ் சாலைப் பக்கம் குரு ஸ்வீட் மார்ட். மைசூர்பாகை முதலில் கிண்டியவராகச் சொல்லப்படும் அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பாவின் வம்சாவளியினர் கடை. நெய் ஒழுகும். நம்மூர் கடக்முடக் ரகத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு வருத்தம். மார்க்கெட்டின் ஒரு பகுதி 2016-இல் இடிந்து விழுந்தது. பக்கத்து லான்ஸ்டவுன் கட்டடத்தின் கூரை 2012-இல் சரிந்து உயிர்களைப் பறித்தது. இடித்துக் கட்டுவதா, செப்பனிடுவதா என்று வருடக்கணக்காக வழக்கு. எல்லாம் உடையார்கள் காலத்துக் கட்டடங்கள்தாம். விருந்தாளிக்குக் கட்டியதற்கு வெள்ளையடிக்கிறார்கள். ஊர்க்காரர்கள் காய்கறி வாங்குமிடம் கோர்ட் வாசலில் நிற்கிறது. வாடகை எங்கே வருகிறதோ அங்கேதான் பாரம்பரியமும் பிழைக்கும் போல.

ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் யாதவகிரி. ஆர்.கே.நாராயண் வாழ்ந்த வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது. மைசூர் தெருக்களில் நடந்தே எழுதியவர், ‘தி கைடு’ நாவலை எழுதியதோ 1956-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரத்து ஹோட்டல் அறையில்!

ஞாயிறு மாலை ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டியதும் அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரியும். முக்கால் மணி நேரத்தில் அணைத்துவிடுவார்கள். தசராவுக்குப் போவதென்றால் கணக்கே வேறு. அறை வாடகை எகிறும். விஜயதசமியன்று 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்த யானை சயாஜி ராவ் சாலை வழியாகத்தான் பன்னிமண்டபம் போகிறது. சுற்றுவட்டாரத்தில் வண்டிகளை விடமாட்டார்கள். முந்தின நாளே வந்து பெட்டியை அறையில் போட்டுவிடுவது உத்தமம்.