பி.எஸ்.ஏ. சொல்லாமல் விடுவது

அறுபதைத் தாண்டியவருக்குச் சிறுநீர் சொட்டுச்சொட்டாகப் போகிறதா, ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்கிறாரா? வள்ளியூரானாலும் சென்னையானாலும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் பரிசோதனைகளில், புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. கட்டாயம் இருக்கும். ரிப்போர்ட்டில் நாலுக்குக் கீழே எண் வந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பெரும்பாலும் நியாயமான நிம்மதிதான். ஆனால் புராஸ்டேட்டில் வரும் புற்றுநோய்களில் சில, இந்த எண்ணில் ஏறுவதே இல்லை.

சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் இருபது கிராம் சுரப்பி புராஸ்டேட். அதில் வரும் புற்றுநோய் நூறில் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒரே ரகம். சுரப்பிச் செல்களில் தொடங்கி, ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. அந்த ஹார்மோனை நிறுத்தினால் நோய் அடங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் சிகிச்சையின் அடித்தளம் அதுதான். மாதா மாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஹார்மோனை நிறுத்தும் ஊசி போட வசதியில்லாதவர்களுக்கு விரைகளை அகற்றும் சின்ன அறுவை சிகிச்சை செய்துவிடுகிறார்கள். செலவு ஒரே தடவையோடு முடிகிறது. சிகிச்சை பலித்தால் பி.எஸ்.ஏ. சரசரவென்று இறங்குகிறது.

மீதமுள்ள சொற்பமானவர்கள் கதை வேறு. அவர்களுக்கு வருபவற்றில் மிகவும் கவலைக்குரியது ‘ஸ்மால் செல்’ எனப்படும் சிறு செல் புற்று. முதல் பரிசோதனையிலேயே இது தெரியவருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. நியூரோஎண்டோகிரைன் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக் கட்டி தனக்கு வந்திருப்பதாக இந்தி நடிகர் இர்ஃபான் கான் 2018இல் சொன்னபோது பல வாசகர்கள் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். அந்தக் குடும்பத்தில் மெதுவாக வளர்பவையும் உண்டு. புராஸ்டேட்டில் வரும் சிறு செல் ரகமோ வேகத்துக்குப் பெயர் போனது.

இது பி.எஸ்.ஏ.வைச் சுரப்பதில்லை, அல்லது பெயருக்குச் சுரக்கிறது. ஆண் ஹார்மோனையும் நம்பியிருப்பதில்லை. அதனால் ஊசி போட்டாலும் அசையாது. கல்லீரலில் இறங்கியிருக்கும், எடை குறைந்திருக்கும், பி.எஸ்.ஏ. மட்டும் ஒன்றோ இரண்டோ என்று நல்லபிள்ளையாக நிற்கும். சிலரிடம் இந்தக் கட்டி வேண்டாத ஹார்மோன்களைச் சுரந்து ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசுகிறார், ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார் என்றால் ‘வயசாயிட்டுல்லா’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சோடியம் பார்த்தால் காரணம் பிடிபடும்.

இதைக் கண்டுபிடிக்கும் இடம் நுண்ணோக்கியின் அடியில்தான். ஊசியால் எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றிப் பார்க்கிறார் பெத்தாலஜிஸ்ட். வழக்கமான புற்றில் இளஞ்சிவப்புச் செல்கள் வளையம் கட்டி நிற்கும். சுரப்பியின் சாயல் மிச்சமிருக்கும். சிறு செல் புற்றில் அந்த ஒழுங்கே கிடையாது. கடுகைக் கொட்டிவைத்ததுபோல் கருநீல உட்கருக்கள், சுற்றிலும் சதையில்லாமல், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். சந்தேகம் தீர சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் என்ற புரதங்களைத் தேடும் தனிச் சாயங்களைப் போட்டுப் பார்ப்பார். இந்தச் சோதனைக்குக் கூடுதல் செலவாகும், இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் காத்திருக்கவும் வேண்டும். அதைத் தவிர்ப்பது வீண் சிக்கனம்.

நுரையீரலிலும் இதே முகத்தோடு ஒரு புற்று வருகிறது. அங்கிருந்து பரவியதா, புராஸ்டேட்டிலேயே பிறந்ததா என்று பிரித்தறிய உதவும் தடயம் ஒன்று 2005இல் கிடைத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் குழு, புராஸ்டேட் புற்றுகளில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்தது. சிறு செல் ரகத்திலும் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் அதே ஒட்டு இருப்பது பின்னர் தெரிந்தது. நுரையீரல் புற்றில் அது கிடையாது. வழக்கமான புற்றும் இந்தப் போக்கிரியும் ஒரே மூலத்திலிருந்து கிளைப்பவை என்பதற்கும் அது சான்றானது.

அப்படிக் கிளைப்பது சிகிச்சையின் நடுவிலும் நடக்கிறது. ஹார்மோன் சிகிச்சையில் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்த நோய், ஆர்.பி.1, டிபி53 ஆகிய காவல் மரபணுக்களை இழந்து, ஹார்மோன் தேவைப்படாத உருவத்துக்கு மாறிவிடுவதுண்டு. பி.எஸ்.ஏ. ஏறவில்லை, ஸ்கேனில் மட்டும் கட்டிகள் பெருகுகின்றன என்றால் மருத்துவர்களுக்கு இந்த மாற்றம்தான் நினைவுக்கு வரும். மறுபடி பயாப்சி எடுக்க வேண்டும். ‘ஏற்கெனவே எடுத்தாச்சே, திரும்ப எதுக்கு?’ என்று மறுக்கும் குடும்பங்கள் உண்டு. பழைய பயாப்சி காட்டுவது பழைய நோயை.

சிகிச்சையும் அதற்கேற்ப மாறுகிறது. நுரையீரல் சிறு செல் புற்றுக்குக் கொடுக்கும் அதே ஜோடிதான்: சிஸ்பிளாட்டினும் எட்டோபோசைடும். மூன்று நாள் மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, நாலிலிருந்து ஆறு சுற்று. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். புராஸ்டேட் வீங்கி ஏற்கெனவே அடைப்பு இருப்பவரிடம் கிரியாட்டினின் எகிறி நிற்கும். அதனால் முதலில் குழாய் போட்டு அடைப்பை எடுக்கிறார்கள். அப்படியும் இறங்காவிட்டால் கார்போபிளாட்டினுக்கு மாறுகிறார்கள். முதல் சில சுற்றுகளில் கட்டி கரைவது ஆச்சரியமாக இருக்கும். அது நீடிப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்: பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் சராசரி ஆயுள் ஓராண்டை ஒட்டியே இருக்கிறது. அண்மையில் பெயர் வாங்கியிருக்கும் லுட்டீஷியம் கதிர்மருந்து, பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடிப் போய் ஒட்டுவது. சிறு செல் புற்றில் பெரும்பாலும் அந்தப் புரதமே இருப்பதில்லை. கடன் வாங்கிப் பெருநகரத்துக்குப் புறப்படும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

இன்னொரு ரகம் நாளங்களில் வளர்வது, ‘டக்டல்’ என்பார்கள். சிறுநீர்க் குழாயை ஒட்டிக் கிளைவிடுவதால் சிறுநீரில் ரத்தம் வரும். ‘சதை வளர்ச்சி’க்கு உள்ளே கருவி விட்டுச் சுரண்டியெடுத்த துணுக்குகளில் எதிர்பாராமல் தட்டுப்படும். 1967இல் மெலிகோவ், பாக்டர் என்ற இருவர் இதை விவரித்தபோது, ஆணுடலில் கருப்பையின் எச்சமாக நிற்கும் ஒரு சிறு பையிலிருந்து வருவதாக நினைத்தார்கள். அப்படியானால் அக்காலத்தில் வழக்கமாகக் கொடுத்த பெண் ஹார்மோன் இதற்குத் தீனியாகிவிடுமே என்ற தயக்கமும் இருந்தது. புராஸ்டேட் செல்லிலிருந்தே வருவது என்று பிறகு தெளிவானது. இதற்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, ஹார்மோன் எல்லாம் உண்டு. முரட்டு ரகமாகக் கருதியே வைத்தியம் செய்கிறார்கள். பிஆர்சிஏ2 போன்ற பரம்பரை மரபணுக் கோளாறு இருந்தால் ஓலாபரிப் மாத்திரைக்கும் வழியிருக்கிறது. அப்படியொரு கோளாறு தெரிந்தால் அவருடைய மகள்களும் சகோதரிகளும் மார்பக, சினைப்பைப் புற்றுக்கான சோதனை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். தகப்பனுக்கு வந்த நோய்க்காக மகள் சோதனைக்குப் போவதை நம் வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை.

புராஸ்டேட் என்றாலே கிழவர்கள் சமாச்சாரம் என்பதையும் பொய்யாக்கும் ஒரு நோய் இருக்கிறது. சர்கோமா. ரமண மகரிஷியின் இடது கையில் 1948 இறுதியில் வந்த கட்டியால் தமிழ்நாட்டுக்குப் பழக்கமான பெயர். அது சிறுவர்களின் புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப் பையிலும் தசை செல் வடிவில் வருகிறது. இதற்கான கூட்டு மருந்துகளில் முக்கியமானது வின்கிரிஸ்டின். அது எடுக்கப்படுவது நித்தியகல்யாணியிலிருந்து. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் பயிராகும் அதே செடிதான். வேரும் இலையும் மருந்துக்காக விலை போகின்றன. தன் வரப்போரத்துச் செடி எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் குழந்தைக்குச் சொட்டுச்சொட்டாக ஏறுகிறது என்று விளைவிப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. எட்டோபோசைடின் மூலமும் ஒரு செடிதான். அதன் இந்திய உறவு இமயமலையில் வளர்கிறது.

வள்ளியூர்க்காரருக்கு இந்த வைத்தியத்துக்கு வழி இரண்டு திசையில். வடக்கே போனால் ஊரார் ‘ஹைகிரவுண்டு’ என்று சொல்லும் பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரி. இன்னும் மேலே போனால், முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கி டாக்டர் சாந்தா வளர்த்த அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. தெற்கே நாகர்கோவில் தாண்டி நெய்யூர். எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல் மலையிறங்கி வந்து ஆண்டுக்கணக்கில் அறுவை மருத்துவராக இருந்த ஆஸ்பத்திரி அங்கேதான். அதையும் தாண்டினால் திருவனந்தபுரத்தின் ஆர்.சி.சி. புற்றுநோய் மையம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்கே செல்லும், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை மட்டும் கிளம்பும் முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

எந்தத் திசையில் போனாலும் புதிய ஆஸ்பத்திரி கேட்கும் முதல் பொருள் பிளாக். அந்தச் சதைத் துணுக்கைப் பதித்த மெழுகுக் கட்டி. அபூர்வ ரகம் என்று சந்தேகம் வந்தால் இன்னொரு பெத்தாலஜிஸ்ட் அதைப் புதிதாகச் சீவிப் பார்ப்பார். மரபணுச் சோதனைக்கும் அதுவே வேண்டும். முதலில் பார்த்த லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் ஸ்லைடுகளோடு தருவார்கள். ரசீதில் பிளாக் எண் இருக்கிறதா என்று சரிபார்த்து, ரிப்போர்ட்டின் நகலோடு கையில் கொண்டுபோக வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடக் கூடாது, மெழுகு இளகிவிடும்.